தரை இறுகும் நேரத்தில் உன்னைக் கூப்பிட்டேன்

என் சுகுவுக்கு,

வருகிற திங்கட்கிழமை நீ குஜராத்துக்குக் கிளம்புகிறாய். பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு வாரமாக உன்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கம்பளி, கால் வெடிப்புக்கு மருந்து. இதையெல்லாம் பேசும்போது என் வாய் தாராளமாக ஓடுகிறது. பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேச வரவில்லை. நீ பல் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறேன். "இன்னாம்மா?" என்கிறாய். "ஒண்ணுமில்ல, மோட்டார் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். எதிரில் நின்று சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "வுடும்மா, ஆனது ஆச்சு" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் வேலையை நினைத்து நான் வெட்கப்பட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ சிவில் படித்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், என் பொண்ணு இன்ஜினியர் என்று. கம்பெனிகளுக்கும் பெரிய குடோன்களுக்கும் கான்கிரீட் தரை போடுகிற வேலைக்குப் போகிறாய் என்று தெரிந்தபோது என் வாய் அடங்கிவிட்டது. வீடு கட்டுகிறாள் என்றால் சொல்லலாம். பாலம் கட்டுகிறாள் என்றால் சொல்லலாம். தரை போடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? தேரடி வீதி ஜவுளிக்கடையில் எனக்கு நாள் முழுக்கக் கல்யாணப் பட்டு விரிக்கிற வேலை. எதிரில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பெண்ணைப் பெற்றவர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள். புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள், "உங்களுக்குப் பசங்க இருக்காங்களா? இன்னா பண்றாங்க?" நான் சொல்வேன், "ஒரே பொண்ணுங்க. சென்னைல ஏசி ஆபீஸு. கம்ப்யூட்டர்ல பிளான் போடறா." முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. அப்புறம் புடவை விலை சொல்வதுபோல் தானாக வந்தது.

ஒரு நாள் நீ சைட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பேன்ட் முழுக்கச் சிமெண்டுத் தெறிப்பு, காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், முகம் வெயிலில் கறுத்து உதடு வெடித்திருந்தது. நான் நாள் முழுக்க நிற்கிறேன் என்று மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தாய். வாசலில் உன்னைப் பார்த்ததும் என் மனசு செருப்புக்குப் போகவில்லை. கல்லாவில் முதலாளி இருக்கிறார், எதிரில் கஸ்டமர் இருக்கிறார்கள். வேகமாக வந்து உன் கையைப் பிடித்து, "பின்பக்கமாப் போயி நில்லு, வரேன்" என்றேன். நீ போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாய். நான் வருவதற்கு வெகுநேரம் ஆனது. "யாரும்மா அது?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "எங்க தெருப் பொண்ணு" என்றேன். இது உன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விழுந்திருந்தால், அன்றைக்கு என் காலில் அந்தச் செருப்பைப் போட்டுப் பார்த்து "சரியா இருக்காம்மா?" என்று உன்னால் எப்படிக் கேட்க முடிந்தது என்றும் தெரியாது.

உன் அப்பா அப்படி இல்லை. கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்த மனிதர். குடோன் தரை என்றால் அவருக்கு ஆயிரம் கேள்வி. நீ ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் பேசுவீர்கள். "ஏன்மா, நம்ம மண்டித் தரை மாதிரிதானே?" என்பார். நீ சொல்வாய், "இல்லப்பா. இந்தக் குடோன்ல முப்பதடி உயரத்துக்கு ரேக் நிக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒரு டன் சரக்கை அவ்ளோ ஒசரத்துக்குத் தூக்கும். கீழ தரையில ஒரு பக்கம் அரிசி மணி அளவு மேடு இருந்தாக்கூட மேல வண்டியோட கை ஆடும். வண்டி சாஞ்சா ஆள் செத்துப் போயிடுவான்பா." கான்கிரீட் கொட்டினால் அது யாருக்காகவும் காத்திருக்காது என்றும் சொன்னாய். கால் வைத்தால் லேசாகத் தடம் விழுகிற பதம் ஒன்று வரும், அப்போது றெக்கை சுற்றுகிற மெஷினை விட்டுத் தேய்க்க வேண்டும், முன்னால் விட்டால் குழம்பும், பின்னால் விட்டால் மழமழப்பு ஏறாது, வெயிலும் காற்றும் ஜாஸ்தியாக இருந்தால் அந்த நேரம் இன்னும் கம்மியாகிவிடும் என்றாய். இதையெல்லாம் நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, "சோறு துன்னும்போது சிமெண்டுப் பேச்சு எதுக்கு?" என்று சொன்னவள் நான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாதது. உன் அப்பாவுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தபோது, நான் பன்னிரண்டாவது பாஸ் என்று என் அண்ணன் சொல்லிவிட்டான். நான் கணக்கில் ஃபெயில். கல்யாணமாகி வந்த பிறகு, எப்போது யார் கேட்பார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ பிறந்த பிறகுதான் ஒரு நாள் உன் அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர், "அட, நான்கூட பத்தாவது ரெண்டாவது அட்டெம்ப்ட்தான், உங்க அண்ணங்கிட்ட யாரும் சொல்லல" என்று சிரித்துவிட்டார். அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சொல்கிற பொய் இப்படித்தான் முடியும், கடைசியில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் என்னை அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கொண்டுபோனது.

உன் அத்தை கொண்டு வந்த வரன் அது. பையனுக்கு வேலூரில் பேங்க் வேலை, அம்மா ரிட்டயர்டு டீச்சர். பொண்ணு என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டனுப்பியபோது, கடையில் சொல்வதையே சொன்னேன். சாமி கும்பிடத் திருவண்ணாமலை வருகிறோம், தரிசனம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறோம், வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்றார்கள். உனக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு முடியாதும்மா. செய்யாறு சைட்டுல பெரிய தரை போடறோம். காலங்காத்தால ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் நான் அந்த எடத்த வுட்டு நகர முடியாது. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாய். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்களிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். அதைவிட, ஒரு தரைக்காக நாள் மாற்றச் சொல்வதா என்ற வீம்பு.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார். கடைசி நேரத்தில் நீ வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று அவரிடமும் பொய் சொல்லியிருந்தேன். அவர்கள் கோயிலுக்குள் போயிருப்பார்கள் என்று தெரிந்த பிறகு உனக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம், லாரி சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம். "இன்னாம்மா, சீக்கிரம் சொல்லு" என்றாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுகு, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதும்மா. வேர்க்குது" என்றேன். இதைச் சொல்லும்போது என் இன்னொரு கை அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டிருந்தது. முந்திரி கருகிவிடப் போகிறதே என்று ஒரு கண் அங்கே இருந்தது. நீ "அப்பா எங்க? ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?" என்று கத்தினாய். "வேணாம், நீ வா, நீ வந்தாப் போதும்" என்று வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போனை அணைத்து அரிசி டப்பா மேல் வைத்தேன். உன் அப்பாவின் போனும் கோயிலுக்குள் அணைந்து கிடந்தது. செய்யாறிலிருந்து இங்கே வந்து சேரும் வரைக்கும், அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமலே நீ வந்திருக்கிறாய். இதை நான் அன்றைக்கு நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வந்ததும் ஒரு சத்தம் போடுவாய், அப்புறம் முகம் கழுவிப் புடவை கட்டிக்கொள்வாய் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்து, தட்டுகள் வைத்து, உன் அத்தை உன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. நீ பூட்ஸோடு உள்ளே ஓடி வந்தாய். தலையில் ஹெல்மெட்கூட அப்படியே இருந்தது. நடு ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருப்பது உன் கண்ணில் படவே இல்லை. நேராக என்னிடம் வந்து என் நெஞ்சில் கை வைத்தாய். "அம்மா, இன்னா பண்ணுது? ஏன் நிக்கற? ஒக்காரு" என்றாய். என் பட்டுப் புடவையில் உன் ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் பதிந்தது. அதற்குப் பிறகுதான் நீ அந்தப் புடவையைப் பார்த்தாய். தலையில் பூவைப் பார்த்தாய். திரும்பி, தட்டுகளையும் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாய். உன் முகத்தில் கோபம் வரும் என்று நான் தயாராக இருந்தேன். கோபம் வரவில்லை. கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தை ஒன்று அம்மா என்று நினைத்து யார் கையையோ பிடித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்துத் திகைக்குமே, அப்படி என்னைப் பார்த்தாய்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "போய் மூஞ்சி கழுவிக்கினு வாம்மா, புடவை எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். டீச்சரம்மா, "ஆபீஸ்ல இருந்தா வர்றாங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஆபீஸ்ல ஏதோ கட்டட வேலை நடக்குதாம், அதான் தூசி" என்றேன். நீ அவரைப் பார்த்துக் கைகூப்பினாய். "இல்லைங்க. நான் குடோனுக்குத் தரை போடறேன். இப்ப பாதியில வுட்டுட்டு வந்திருக்கேன். மன்னிச்சுக்கோங்க, நான் போவணும்" என்றாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். உன் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து உன்னோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

நீ போன பிறகு நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டீச்சரம்மா எழுந்து நின்றார். "வேலையைப் பத்தி மாத்திச் சொன்னதுகூடப் பரவால்லைங்க. எல்லா வீட்லயும் ஏதாவது சொல்றதுதான். ஆனா அந்தப் பொண்ணு உள்ள வரும்போது மூஞ்சியைப் பார்த்தேன். நெஞ்சு வலின்னு சொல்லியா வரவெச்சீங்க?" என்று கேட்டார். "நானும் பொண்ணு பெத்தவதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அத்தனை பேருக்கு முன்னால், ஒரு வேற்று மனுஷி உனக்காகப் பேசினார், உன்னைப் பெற்ற எனக்கு எதிராக.

செய்யாறில் நடந்ததை உன் அப்பா இரண்டு நாள் கழித்துச் சொன்னார். நீ கிளம்பும்போது உன் கீழே வேலை பார்க்கும் தினேஷிடம், எதுவாக இருந்தாலும் போன் பண்ணு, நான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். வழி முழுக்க நீ எனக்கும் அப்பாவுக்கும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்ததில் அவன் கூப்பிட்டதெல்லாம் உனக்கு வந்து சேரவே இல்லை. நடுவில் கான்கிரீட் கொண்டுவந்த ஒரு லாரி வழியில் நின்றுவிட்டது. வேலையை அங்கே நிறுத்திக்கொள்வதா, அடுத்த லாரிக்குக் காத்திருப்பதா என்று முடிவெடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அன்றைக்குக் காற்று வேறு. நீ திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது முதலில் கொட்டிய பகுதி இறுகிவிட்டது. நீ முட்டி போட்டு உட்கார்ந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாயாம். தடம் விழவில்லை. எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி அழுத்தினாயாம். "எங்கியும் எறங்கலடி. எங்கொழந்த விரல் எங்கியும் எறங்கல" என்று சொல்லிவிட்டு உன் அப்பா அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. அப்புறம் என்னோடு பல நாள் பேசவில்லை.

உன் மேனேஜர் வந்து கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பதும் உன் அப்பா காதில் விழுந்திருக்கிறது. "தினேஷ் மேல தப்பு இல்ல சார். நான்தான் சைட்ட வுட்டுப் போனேன். அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு பயந்துட்டேன். போய்ப் பார்த்தா கேஸ் ட்ரபிள்" என்றாயாம். சுகு, நீ என்னைக் காப்பாற்றினாய். ஒரு வார்த்தை, "எங்கம்மா பொய் சொல்லிட்டாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி பாதி என் தலைக்கு வந்திருக்கும். நீ சொல்லவில்லை. அதனால் என்ன ஆயிற்று? ஒரு ஏப்பத்துக்குப் பயந்து ஓடிப்போன இன்ஜினியர் என்று உன்னைச் சொன்னார்கள். பொம்பளையை சைட்டுக்கு இன்சார்ஜ் போட்டால் இப்படித்தான் என்றார்கள். இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு உண்மை தெரியாமல் செய்தவள் நான்.

கெட்டுப்போன பகுதியை உடைத்து எடுக்கிற நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி உன் அப்பாவிடம் கெஞ்சினேன். உன் காலில் விழுவதாக இருந்தாலும் சரி என்று ஒரு வேகத்தில் வந்தேன். குடோனுக்குள் உடைக்கிற மெஷின்களின் சத்தம் காதை அடைத்தது. பெண்கள் வரிசையாக ஜல்லித் துண்டுகளைக் கூடையில் வாரிப்போய் வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் என்னைப் பார்த்துத் தினேஷ் ஓடி வந்தான். "மேடத்தோட அம்மாவாங்க? ஒடம்பு இப்ப எப்படி இருக்குங்க? அன்னைக்கு மேடம் ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம ஓடினத நான் பாத்தேன். இந்தத் தூசியில நீங்க நிக்கக் கூடாதும்மா" என்று சொல்லி, எங்கேயோ போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்து நிழலில் போட்டான். ஒரு தண்ணீர் பாட்டிலையும் திறந்து கையில் கொடுத்தான். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. எங்க அம்மாவும் சொல்லாமலே போயிட்டாங்க" என்றான்.

சுகு, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு நோயாளியாக உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. தண்ணீரையும் குடித்தேன். நீ தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாய். உன் தரையை உடைத்து அள்ளுகிறார்கள், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். கிட்டே வந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்ன வெள்ளிக்கிழமையைவிட அந்த நாற்காலிதான் என்னை அதிகமாகத் தின்கிறது. முதலில் சொன்னது அவசரத்தில் சொன்னது என்று மனசைச் சமாதானம் செய்யலாம். உட்கார்ந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அப்புறம் உன்னை சைட்டிலிருந்து எடுத்துச் சென்னை ஆபீஸில் போட்டார்கள். ஏசி ரூம், கம்ப்யூட்டர், பிளான். நான் கடையில் யாருக்கெல்லாம் என்ன சொல்லியிருந்தேனோ அது அப்படியே ஆனது. ஊருக்கு வரும்போது சுத்தமான துணியில் வந்தாய். முகம் வெளுத்தது, கால் வெடிப்பு ஆறியது. உன் அத்தை, "இப்பதான் பாக்கற மாதிரி இருக்கா" என்றாள். நீ சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாய். உன் அப்பா, "எங்கனா புதுசா தரை போடறாங்களாமா?" என்று கேட்டுப் பார்ப்பார். "தெரிலப்பா" என்பாய். சோறு தின்னும்போது சிமெண்டுப் பேச்சு வேண்டாம் என்றேனே, அந்தப் பேச்சு நம் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படியே போனது. நீயாக மறுபடி கேட்டு வாங்கி, சின்னச் சின்ன சைட்டாகப் பார்த்து, மேலே வந்தாய். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

போன வருஷம் என் கை உடைந்த கதை உனக்குத் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலை தாண்டும் இடத்தில் கூட்டம் நெருக்கியதில் விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் அப்பா உனக்குப் போன் செய்யப் போனார். நான் தடுத்தேன். அவளுக்கு இன்றைக்குத் தரை போடுகிற நாள், சொல்லக் கூடாது என்றேன். உண்மையைச் சொல்கிறேன், வலியிலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. கடனைத் தீர்க்கிறேன் என்று நினைத்தேன். பழைய பாவத்துக்கு இது பரிகாரம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நீ தெரிந்துகொண்டு வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுக் கத்தினாய். அந்த வெள்ளிக்கிழமை வராத கோபமெல்லாம் அப்போது வந்தது.

"இல்லாத வலிய சொல்லி ஒரு தடவை வரவெச்ச. இருக்கற வலிய மறைச்சு இப்ப வராம பண்ணிட்ட. ரெண்டுலயும் நான் எப்ப வரணும், எப்ப வரக்கூடாதுன்னு நீயேதானேம்மா முடிவு பண்ற? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன் வேலை கெட்டுடக் கூடாதுன்னுதான்" என்றேன்.

"எனக்கு வேலை தெரியும்மா. இப்பல்லாம் பெரிய தரை போட்டா ரெண்டு இன்ஜினியர் வெச்சுக்கறேன். ஒருத்தர் போனா இன்னொருத்தர் பாத்துப்பாரு. அந்தச் செய்யாறுக்கு அப்புறம் கத்துக்கினேன். நீ உண்மைய சொன்னாதான் நான் ஏற்பாடு பண்ண முடியும். நீ எது சொன்னாலும் நெசமா பொய்யான்னு நான் யோசிக்க வேண்டியிருக்கு. அது எனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது. அதுவரைக்கும் தெரியாது. என்னால் உனக்கு ஒரு தரைதான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னால் அப்படியே நம்புகிற நிம்மதியும் போய்விட்டது என்று நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் சின்னச் சின்ன விஷயத்தில் பழகி வருகிறேன். தலைவலி என்றால் தலைவலி என்கிறேன். இல்லை என்றால் இல்லை. கடையில் கேட்டால், என் பொண்ணு கம்பெனிகளுக்குக் கான்கிரீட் தரை போடுகிறாள் என்று சொல்கிறேன். சிலர் "ஐயோ, வெயில்லயா?" என்கிறார்கள். ஆமாம், வெயிலில்தான் என்கிறேன். இதைச் சொல்வதற்கு நீ என்னை மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீ யாரைக் கட்டிக்கொண்டாலும், கட்டிக்கொள்ளாவிட்டாலும், யாருடைய பொய்யையும் உன் முதுகில் தூக்காதே. பெற்றவளாக இருந்தாலும் தூக்காதே. என்னைக் காப்பாற்றியது பாசம் என்று நீ நினைத்தாய். அந்தப் பாசத்தை நான் சௌகரியமாகப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். நீ அன்றைக்கே என்னை நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் நான் அவமானப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன வாரம் சாப்பிடும்போது நீ உன் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். குஜராத்தில் குளிர்பதனக் கிடங்குக்கு அவ்வளவு பெரிய தரை, அதற்கு உன்னை இன்சார்ஜாகப் போடுவதற்கு முன்னால் மேனேஜர் கேட்டாராம், "ரொம்ப தூரம்மா. அம்மாவுக்கு கேஸ் வந்தா ஓடி வந்துட மாட்டியே?" ரூமில் எல்லாரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாம். இத்தனை வருஷம் கழித்தும் அது உன் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. உன் அப்பா சிரிக்கவில்லை. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உன் மேனேஜர் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அப்போதுதான் தோன்றியது, இதையும் உன்னைக் கேட்காமல் செய்யப் போகிறேனே என்று. அங்கே நீ எப்படி நிற்க விரும்புகிறாய், எது உனக்கு நல்லது, எது கெடுதல் என்று எனக்கு என்ன தெரியும்? எழுந்து இறங்கிவிட்டேன். கண்டக்டர் திட்டினார். வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். இதை நீ உன் மேனேஜரிடம் கொடுக்கலாம். தினேஷுக்கு அனுப்பலாம். அத்தைக்குப் படித்துக் காட்டலாம். யாருக்கும் காட்டாமல் கிழித்தும் போடலாம். நான் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றால், எந்த ஊர் என்று சொல், வருகிறேன். நீ எது சொன்னாலும் சரி. காட்டுவதாக இருந்தால், முன்னால் உள்ள குடும்பக் கதையெல்லாம் அவர்களுக்கு எதற்கு, இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும் என்று, அதைத் தனித் தாளில் எழுதுகிறேன்.

செய்யாறில் தரை போட்ட அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. வாயுவும் இல்லை. நான் நல்ல உடம்போடு அடுப்படியில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். என் மகள் சுகன்யா பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு வந்தவள் இல்லை. அவளைப் பெற்றவள் அவளை ஏமாற்றி வரவழைத்தாள். அந்தத் தரை கெட்டதற்குக் காரணம் நான்.

இதை எழுதியது அவளுடைய அம்மா.